கோபுரத்தைவிட உயரமான பாய்லர்

ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. பக்கத்துல திருவெறும்பூர் பெல் ஆலை பாகம் பாகமா செஞ்சு அனுப்புற 500 மெகாவாட் பாய்லரை நிறுத்தினா, அதைவிட உயரம். ஏன் இவ்வளவு பெருசு?

சாம்பல் ஒரு பெரிய காரணம். 1965-ல் செக்கோஸ்லோவாக்கியா உதவியோடு தொடங்கின ஆலை இது. நம்ம நிலக்கரியிலோ 30–45 சதவீதம் சாம்பல். புகையோடு பறந்து குழாய்களை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். புகை வேகம் இரட்டிப்பானா தேய்மானம் எட்டு மடங்குக்கும் மேல போகலாம். மெதுவா விட்டா குழாய்த் தண்ணிக்குச் சூடு குறைவாத்தான் ஏறும். ஈடுகட்ட குழாய்களைக் கூட்டணும். செலவும் கூடும்.

சதுர மீட்டருக்கு எவ்வளவு சூடுன்னு மட்டும் அளந்தா இந்த டிசைன் தோத்துடும். என்னைக் கேட்டா, அந்த அளவுகோல் இங்கே போதாது. ஒரே ஒரு குழாய் ஓட்டையானாலும் யூனிட்டை நிறுத்தி, ஆற வச்சு, ஆள் உள்ளே போய் வெல்டிங் அடிக்கணும். அதுவரைக்கும் அந்த 500 மெகாவாட் கிடையாது.