தீவின் கடிகாரம்: இலங்கையின் நேர மாற்றமும் மாலை வெளிச்சமும் (1996–2006)

1. கோட்பாடு

பகலொளி சேமிப்பு நேரம் பகலை நீட்டுவதில்லை. ஊர் உறங்கும் வேளையில் வீணாகும் விடியல் வெளிச்சத்தை மாலைக்கு நகர்த்துகிறது, அவ்வளவுதான். இதற்காக வாதாடி வில்லியம் வில்லெட் 1907இல் லண்டனில் சிறுநூல் வெளியிட்டார். போர்க்கால எரிபொருள் சிக்கனத்துக்காக 1916இல் முதலில் ஜெர்மனியும், சில வாரங்களில் பிரிட்டனும் அதை நடைமுறைப்படுத்தின. ஜூன் மாத லண்டனில் பகல் ஏறத்தாழப் பதினாறரை மணி நேரம். கிரீன்விச் நேரப்படி நான்கு மணிக்கு முன்பே விடிந்துவிடும். அதில் ஒரு மணியை எடுத்தால் யாருக்கும் நட்டமில்லை. மாலை ஒன்பது தாண்டியும் வெளிச்சம் இருக்கும்.

2. கொழும்பின் கணக்கு

1996இல் வறட்சியால் நீர்மின் நிலையங்கள் தளர்ந்து, இலங்கையில் மின்வெட்டு நீண்டது. மே மாத இறுதியில் அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளியது. மாலையில் விளக்கேற்றும் நேரம் தள்ளிப்போகும் என்பது எதிர்பார்ப்பு. அந்த அளவில் கணக்கு சரியே: ஜூனில் ஆறரைக்குச் சற்று முன் மறைந்த சூரியன் ஏழரையை ஒட்டி மறைந்தது.

ஆனால் கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகையில்தான் உள்ளது. அங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடைவெளி ஒரு மணிகூட இல்லை. கடன் கொடுக்க விடியலிடம் கையிருப்பு ஏது? ஆறு மணிக்குச் சற்று முன் உதித்த சூரியன் ஏழை நெருங்கி உதித்தது. ஏழரைக்குப் பள்ளி தொடங்கும் நாட்டில், குழந்தைகள் இருட்டில் எழுந்து புறப்பட வேண்டியதாயிற்று. மாலையில் அணைந்த விளக்கு காலையில் எரிந்தது. வில்லெட்டின் யோசனை தவறானதல்ல. அது வேறோர் அட்சரேகைக்கு உரியது.

3. பின்விளைவு

அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி மட்டும் திருப்பப்பட்டது. நெருக்கடிக்காக வந்த ஏற்பாட்டின் மிச்ச அரை மணி பத்தாண்டு நிலைத்தது. இதற்கு நிர்வாக மந்தம் தவிர வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டதால், ஒரே தீவில் இரு நேரங்கள் ஓடின.

2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, இலங்கை கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்திய பழைய நேரத்துக்கே திரும்பியது. இலங்கையில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அதை எதிர்த்தார். இன்றுவரை அந்த நேரமே நீடிக்கிறது.