மட்டாஞ்சேரிக் காற்றில் இரண்டு பூஞ்சைகள்

கேரளத்தின் மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் அடுக்கிய கிடங்குகளில் மூச்சு விடுகிறவர்களின் உடலுக்குள் பூஞ்சை வித்துகள் போகாமல் இராது. அஸ்பெர்ஜில்லஸ், ரைசோபஸ் இரண்டும் எந்த ஊர்க் காற்றிலும் உண்டு. ஆனாலும் பெரும்பாலோர் நோய்வாய்ப்படுவதில்லை. பிறவியிலேயே அமைந்த எதிர்ப்பாற்றல் இரண்டையும் மடக்கிவிடுகிறது. மடக்கும் விதம்தான் வேறு.

அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸின் வித்து 2, 3 மைக்ரோமீட்டர் அளவே. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இறங்கிவிடும். நீர் ஒட்டாத புரதப் போர்வை அதை மறைத்திருக்கும். அது உப்பி முளைவிடும்போது போர்வை விலகி, செல் சுவரிலுள்ள பீட்டா குளூக்கன் வெளித்தெரியும். மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் செல்கள் டெக்டின்-1 என்ற ஏற்பியால் அதை இனங்கண்டு விழுங்கும். தப்பி இழையாக நீண்டதை நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் சூழ்ந்து கொல்லும். புற்றுநோய் மருந்தால் நியூட்ரோஃபில்கள் குறைந்தவர்களுக்கு இது ஆபத்தாவது அதனால்தான். 1996-இல் ஆய்வாளர் ஜூல் ஹாஃப்மன் குழுவினர், எதிர்ப்பாற்றலுக்குத் தேவையான டோல் என்ற மரபணு பழுதான பழ ஈக்களுக்கு இதே பூஞ்சையைத் தொற்றவைத்தார்கள். ஈக்கள் பூஞ்சை மண்டி மடிந்தன. பிறவி எதிர்ப்பாற்றல் ஆய்வுத் துறையையே திறந்துவிட்ட சோதனை அது. ஹாஃப்மனுக்கு 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ரைசோபஸ் முரடு. விழுங்கிய பிறகும் அதன் வித்து எளிதில் சாகாது. மேக்ரோஃபேஜ் அதற்கு இரும்புச்சத்து கிடைக்காமல் பட்டினி போட்டு, முளைக்க விடாமல் வைத்திருக்கும். சர்க்கரை கட்டுமீறி இரத்தம் அமிலமானால் இந்தக் காவல் குலைகிறது: இரத்தப் புரதங்கள் பிடித்துவைத்த இரும்பு நழுவிப் பூஞ்சைக்குக் கிடைக்கிறது, நியூட்ரோஃபில்களும் மந்தமாகின்றன. இழைகள் இரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைக்க, திசு கறுத்து அழுகும். கொரோனாவின் இரண்டாம் அலையில் கண்டது இதைத்தான். 2021 ஜூன் முடிவதற்குள் இந்தியாவில் 40,000-க்கும் மேற்பட்டோருக்குக் கருப்புப் பூஞ்சை நோய் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள்; பலர் ஸ்டீராய்டும் எடுத்தவர்கள். ஸ்டீராய்டு சர்க்கரையையும் ஏற்றும், விழுங்கும் செல்களையும் தளர்த்தும்.

நியூட்ரோஃபில் குறைந்தால் ரைசோபஸும் தாக்கும் என்பது உண்மையே. ஆனால் சர்க்கரை நோய் மிகுந்த கேரளத்தில் நாம் அதிகம் அஞ்ச வேண்டியது, செல்கள் எண்ணிக்கையில் நிறைவாக இருந்தும் செயலிழந்து நிற்கும் இந்த இரண்டாவது நிலைக்குத்தான். ஸ்டீராய்டு எடுக்கும் சர்க்கரை நோயாளிகள் மருத்துவர் சொன்னபடி இரத்தச் சர்க்கரையைத் தவறாமல் பாருங்கள். முகத்தில் ஒரு பக்கம் மரத்தாலோ, கண் வீங்கினாலோ, மூக்கில் கறுத்த பொருக்கு கண்டாலோ அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.