மொழிக் காலக்கணிப்பும் அதன் பிழை எல்லைகளும்

மொழிகள் கிளைத்துப் பிரிந்த காலத்தை எழுத்துச் சான்றின்றி ஆண்டுக்கணக்கில் கூற இயலுமா என்னும் வினாவிற்கு, இயலும் என 1950களின் தொடக்கத்தில் விடையளித்தவர் அமெரிக்க மொழியியலார் மாரிஸ் சுவாதேசு. கதிரியக்கக் கரியின் சிதைவைக் கொண்டு தொல்பொருள்களின் வயதைக் கணிக்கும் லிபியின் முறை அப்போது புதிதாக வந்திருந்தது. அடிப்படைச் சொற்களும் அவ்வாறே ஏறத்தாழ மாறாத வீதத்தில் வழக்கொழிகின்றன என்பது சுவாதேசின் கருதுகோள்.

1953இல் ராபர்ட் லீசு இதற்கு எண் வடிவம் தந்தார். வரலாறு அறியப்பட்ட 13 மொழிகளை ஆராய்ந்து, ஆயிரம் ஆண்டுகளில் சராசரியாக 80.5 விழுக்காடு அடிப்படைச் சொற்கள் நிலைக்கின்றன என்றார். அவற்றுள் 11 மொழிகள் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தவை. அவற்றிலும் ஆறு இலத்தீனின் வழிவந்தவை. உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவெனப்பட்ட மாறிலி இத்துணைக் குறுகிய சான்றின்மீது நின்றது. லீசு பிழை எல்லையையும் கணக்கிட்டே தந்தார் என்பது உண்மை. எனினும் அது சராசரியின் பிழையை மட்டுமே அளந்தது. இனச்சொல் எது என முடிவு செய்வதில் நேரும் பிழை அதில் அடங்கவில்லை.

அப்பிழை சிறிதன்று. 1955இல் சுவாதேசு சுருக்கிய 100 சொற் பட்டியலுக்குரிய வீதம் 86 விழுக்காடு. இரு மொழிகளுக்கிடையே 30 இனச்சொற்கள் இருப்பின், வாய்பாட்டின்படி அவை பிரிந்து ஏறத்தாழ 4000 ஆண்டுகள் ஆகின்றன. ஐந்து சொற்களை ஐயத்திற்குரியவை என நீக்கினால் காலம் 4600 ஆண்டுகளாகிறது. வீதத்தை 81 எனக் கொண்டாலோ அதே 30 சொற்கள் 2900 ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தையே காட்டும்.

பட்டியலை மொழிபெயர்க்கும்போதே இடர்ப்பாடு தொடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தின் தன்மைப் பன்மைக்குத் தமிழில் 'நாம்', 'நாங்கள்' என்னும் இரண்டில் எதை எழுதுவது? நெருப்பைக் குறிக்கத் 'தீ' என்று எழுதினால் மலையாளத்தின் அன்றாடச் சொல்லோடு இணை கிடைக்கிறது. 'நெருப்பு' என்று எழுதினால் அவ்விணை இல்லை. 'ஞாயிறு' எனத் தகவலாளர் எவரும் பேச்சில் கூறார். 'சூரியன்' என்றால் அது கடன்சொல். கடன்சொல்லை அறியாது இனச்சொல்லாகக் கணக்கிட்டால் மொழிகள் அண்மையில் பிரிந்தனவாகத் தோன்றும். மொழிபெயர்ப்பாளரின் தேர்வு ஒன்று இவ்வாறு நூற்றாண்டுக் கணக்கில் விளைவு தருகிறது.

மாறா வீதம் என்னும் அடிப்படையையே 1962இல் பெர்க்ஸ்லாந்தும் ஃபோக்டும் மறுத்தனர். ஒரே மூலத்தினின்று பிரிந்த ஐஸ்லாந்திய மொழி ஆயிரம் ஆண்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு சொற்களையே இழந்திருக்க, நார்வேயின் எழுத்துமொழி அதனினும் பன்மடங்கு இழந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில், 1964இல், ஆந்திரனோவ் இம்முறையைத் திராவிட மொழிகளுக்கும் பொருத்திப் பார்த்தார்.

2018இல் விஷ்ணுப்பிரியா கோலிபாக்கமும் உடன் ஆய்வாளரும் 20 திராவிட மொழிகளின் 100 சொற் பட்டியல்களைத் தாய்மொழியாளரிடமிருந்து திரட்டி, கிளைக்குக் கிளை வீதம் மாற இடந்தரும் நிகழ்தகவு முறையில் ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4500 ஆண்டுகள். நம்பக எல்லையோ சுமார் 3000 முதல் 6500 ஆண்டுகள் வரை. ஆய்வு செய்தியாகப் பரவியபோது முன்நின்றது 4500 என்னும் எண்ணே.