வாரியத்தில் யார் உட்காருவது?

2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீட்டெடுத்தபோது, ஊர்கூடி ஏரி காத்த காலம் திரும்புவதாகப் பலரும் மகிழ்ந்தார்கள். எந்த ஊர், யார் கூடினார்கள்?

உத்திரமேரூர்க் கல்வெட்டு (921) ஏரி வாரியத்தைச் சொல்கிறது. அது பிராமணச் சபையின் வாரியம். கால்வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும். வேதம் கற்றவருக்கு அரைக்கால் போதும். 1858இன் கட்டாய உழைப்புச் சட்டமோ, மராமத்துக்கு உழைப்புத் தராதவரிடம் தண்டம் வசூலிக்க வழிசெய்தது. மனமுவந்த கூட்டுழைப்புக்கு எதற்கையா சட்டம்?

பல ஊர்களில் மடை திறந்த நீர்க்கட்டிகள் தலித்துகள். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்ற கணக்கு அவர்களுக்கு அத்துப்படி; முடிவு மட்டும் நிலக்காரர் கையில். 2017லும் பொறுப்பு ஆயக்கட்டுதாரர் சங்கங்களுக்கே போனது. நிலமில்லாதவர் மறுபடி கரைக்கு வெளியே.

ஏரியைத் தூர்வாரத்தான் வேண்டும். ஆனால் மண் சுமந்தது யார், விளைந்தது யார் வயலில்னு கேட்காத சூழலியல், வண்டலோடு பழைய சாதியொழுங்கையும் அள்ளிக் கரையில் போட்டுவிடும்.