நூற்றுப் பதினோரு திருகுகள்

இன்ஜினியரிங் படித்தபோது, ஆம்ப்ளிஃபயர் உயிரை விட்டால் எங்க லேப் அண்ணன் முதலில் கேட்பது, "சப்ளை வருதா பாத்தியா?" அந்தக் கேள்வியின் அருமை எனக்கு ஹபிள் தொலைநோக்கியின் கதையைப் படித்தபோதுதான் புரிந்தது.

1997ல் ஹபிளில் பொருத்தப்பட்ட நிறமாலைமானி ஸ்டிஸ். வேற்றுக் கோள் ஒன்றின் வளிமண்டலத்தில் சோடியம் இருப்பதை முதலில் காட்டிய கருவி. அதற்கு இரண்டு எலக்ட்ரானிக்ஸ் தொகுதிகள். ஒன்று போனால் மற்றொன்று. 2001 மே மாதம் முதலாவது போயிற்று. 2004 ஆகஸ்டில் இரண்டாவதும்! 5 வோல்ட் மின்மாற்றிப் பகுதி பழுது. சென்சார்கள் நன்றாகவே இருந்தன, சப்ளைதான் இல்லை.

கார்டை மாற்றினால் போதும். ஆனால் விண்வெளியில் திறப்பதற்காகச் செய்த பெட்டி அல்ல அது. மூடியில் 111 சின்னத் திருகுகள். கையுறை போட்ட கையிலிருந்து ஒன்று தப்பினாலும் ஆபத்து. எனவே கழன்ற திருகுகளைப் பிடித்துக்கொள்ள மூடிமேல் தனித் தகடு செய்தார்கள்.

2009 மே 17. மைக் மாசிமினோவும் மைக் குட்டும் வெளியே போனார்கள். திருகுகளுக்கு முன்பே வில்லங்கம்: மறைத்து நின்ற கைப்பிடியின் ஒரு போல்ட் தலை வழுக்கிவிட்டது. யாரும் எதிர்பார்க்காத இடம்! தரையில் இருந்தவர்கள் சோதித்துப் பார்த்து வழி சொல்ல, மாசிமினோ கைப்பிடியை இழுத்தே பிய்த்தார். எட்டு மணி நேர வேலை. கார்டு மாறியது, ஸ்டிஸ் விழித்தது.

முதல் தொகுதி இன்றும் செத்ததுதான். நாம் எழுதும் மென்பொருளிலும் 'பேக்கப் இருக்கே' என்று நிம்மதியாக இருக்கிறோம். முதலாவது போன அன்றே பேக்கப் என்பது முடிந்துவிடுகிறது, இல்லையா?