கோவிவன் என்ற நாயும் என் ஆயாவின் பேரும்

இந்த எபிசோட் ஒரு சின்ன வெட்கத்துல இருந்து ஆரம்பிக்குது.

நாங்க எட்டுப் பேர் சேர்ந்து ஒரு எழுத்துக் குழு வச்சிருக்கோம். மாசத்துக்கு ஒரு தடவை ராத்திரி ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு, சொந்த வாழ்க்கையிலிருந்து எழுதினதை ஒருத்தருக்கொருத்தர் வாசிச்சுக் காட்டுவோம். போன தை மாசம் என் முறை. எங்க ஆயாவைப் பற்றி எழுதியிருந்தேன். எங்க ஊர் ஆலங்காயம். அங்கே பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவோம். ரெண்டு எருமை வச்சுப் பால் ஊத்தி, அப்பாவையும் அத்தையையும் ஆளாக்கினவங்க. விடியக்காலைப் பால் கறக்கிற சத்தம், மலையில இருந்து இறங்குற பனி, சாண வாசனைன்னு மூணு பக்கம்.

வாசிச்சு முடிச்சதும் எல்லாரும் பாராட்டினாங்க. கடைசியா ஒருத்தர் கேட்டார்: "உங்க ஆயா பேர் என்ன?"

எனக்குத் தெரியல. ஊர்ல எல்லாரும் "எருமைக்காரம்மா"ன்னு கூப்பிட்டாங்க. நான் ஆயான்னு கூப்பிட்டேன். மூணு பக்கம் எழுதின எனக்கு, அந்த மூணு பக்கத்துல ஒரு பேர் இல்லைன்னே தோணல.

அந்தக் கேள்வி என்னை எங்க மலையோட வரலாற்றுக்குக் கூட்டிட்டுப் போச்சு. அதைத்தான் இன்னிக்கு சொல்லப் போறேன்.

ஆலங்காயம்னு சொன்னா பலருக்கு ஞாபகம் வர்றது காவலூர் வானாய்வகம். எங்க ஊர்ல இருந்து ஜவ்வாது மலை ஏறுற ரோட்டுலதான் அது இருக்கு. ஆனா இந்த மலையைச் சுற்றி இன்னொரு செல்வமும் இருக்கு: நடுகற்கள். மலைக்குத் தெற்கே செங்கம் வட்டாரத்தில் மட்டும் ஏராளமான நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தேடிப் படித்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக வெளியிட்டது. எங்க திருப்பத்தூர்ப் பக்கத்தில் தூய நெஞ்சக் கல்லூரித் தமிழ்த்துறையினர் இன்றும் புதிய கற்களைக் கண்டெடுத்து வருகிறார்கள்.

நடுகல் என்பது இறந்த வீரனுக்காக ஊரார் நட்ட கல். அந்தக் காலத்தில் மாடுதான் சொத்து. மாட்டு மந்தைக்குத் 'தொறு' என்று பெயர். பக்கத்து ஊர்க்காரன் தொறுவைக் கவர்ந்து போவான். இந்த ஊர்க்காரன் துரத்திப் போய் மீட்பான். சண்டையில் ஒருவன் சாவான். அவனுக்கு ஒரு கல். கல்லில் அவன் உருவம், கூடவே இரண்டு மூன்று வரி எழுத்து. கல்லைத் தேர்ந்தெடுப்பது, நீராட்டுவது, நடுவது, படையல் வைப்பது, வாழ்த்துவது என்று இதற்கான சடங்குகளைத் தொல்காப்பியம் வரிசையாகவே சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த கற்களில் தமிழி எழுத்தே இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கும் முந்தைய பழக்கம் இது.

இப்போ செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல்லுக்கு வருவோம். காலம், மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டு. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. பொற்றொக்கையார் என்பவரிடம் இருந்த இளம் வீரன் கருந்தேவக்கத்தி, எருமைகளைக் காக்கப் போய் இறந்தான் என்கிறது கல். அதோடு முடியவில்லை. அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய். அந்த நாய்க்கும் தனியாக ஒரு குறிப்பு. அதன் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்து, அவனுக்குக் காவலாக நின்றது.

அவ்வளவுதான் கதை. இதுல 'வீரமான', 'கண்ணீர்', 'மறக்க முடியாத' எதுவும் கிடையாது. எந்த வருஷம், யாரோட ஆள், பேர் என்ன, என்ன செஞ்சான். அழறதா வேண்டாமான்னு படிக்கிறவங்ககிட்டயே விட்டுட்டாங்க. ஆனா எனக்கு அந்த நாய்கிட்ட வந்ததும் தொண்டை அடைச்சுது. நாய் பேரை யாரோ ஒருத்தர் ஞாபகமா சொல்லி, "இதையும் வெட்டுங்க"ன்னு கேட்டிருக்கணும். இல்லேன்னா அது கல்லுக்கு வந்திருக்காது.

இதே மகேந்திரவர்மனுக்கு வேறொரு கல்வெட்டு உண்டு. விழுப்புரம் பக்கத்தில் மண்டகப்பட்டுக் குடைவரையில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி இந்தக் கோயிலைச் செய்வித்தேன் என்று தன் பட்டப்பெயரோடு சமஸ்கிருதத்தில் பொறித்திருக்கிறான். அது ராஜா தன்னைப் பற்றிச் சொன்ன கதை. எடுத்தனூர்க் கல் தமிழில், வட்டெழுத்தில், எருமை காத்தவனைப் பற்றி மற்றவர்கள் சொன்ன கதை. ஒரே ஆட்சி, ரெண்டு விதமான எழுத்து. சாதாரண மனுஷன் ஒருத்தன் தன் பேரோட வரலாற்றுக்குள்ள வந்தது ராஜாவோட கல்லுல இல்ல, ஊரார் நட்ட கல்லுல.

ஆனா எழுதினா மட்டும் போதுமா?

அகநானூற்றின் 297-ஆம் பாட்டில் ஒரு காட்சி வருகிறது. வழியோரம் ஒரு பழைய நடுகல். அதில் அம்பைத் தீட்டித் தீட்டிக் கல்லின் பக்கங்களே தேய்ந்துவிட்டன. அந்த வழியே போகிற பயணிகளுக்கோ களைப்பு. எழுத்தை முழுசாகச் சேர்த்துப் படிக்காமல் கடந்து போகிறார்கள். இதைப் படிச்சப்போ ராத்திரி படுக்கையில விரலால தள்ளிக்கிட்டே போற நம்ம ஞாபகம்தான் வந்துச்சு. முழுசா வாசிக்காம கடந்து போறவங்களைப் பற்றின கவலை சங்க காலத்துலயே இருந்திருக்கு!

காலப்போக்கில் வட்டெழுத்து வழக்கொழிந்தது. கல் இருந்த ஊரிலேயே அதைப் படிக்க ஆள் இல்லை. இருந்தாலும் மக்கள் கல்லைக் கைவிடவில்லை. செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் சாமியாக நிற்கின்றன. பொங்கல் வைக்கிறார்கள், பலி கொடுக்கிறார்கள். யோசிச்சுப் பாருங்க: கும்பிட்டதால கல் தப்பிச்சது; ஆனா உள்ளே இருந்தவனோட பேர் பல நூற்றாண்டு மறைஞ்சு போச்சு. அன்பு கல்லைக் காப்பாத்துச்சு, பேரைக் காப்பாத்தல. பேர் திரும்பி வரணும்னா, யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது.

என் மூணு பக்கமும் அப்படித்தான்னு புரிஞ்சுது. ஆயாவை நான் சாமியாக்கியிருந்தேன். பனி, பால், வாசனைன்னு நல்லா பொங்கல் வச்சிருந்தேன். உள்ளே ஆள் இல்லை.

இன்னொண்ணையும் சொல்லணும். நடுகல் எல்லாருக்கும் கிடைக்கல. மாட்டைக் காத்துச் செத்தவனுக்குக் கல் உண்டு. அதே மாட்டைத் தினமும் கறந்து, சாணி அள்ளி, முப்பது வருஷம் உயிரோட வளர்த்தவளுக்குக் கல் கிடையாது. சண்டை ஒரு நாள். உழைப்பு ஒவ்வொரு நாளும். கல்வெட்டுக்கு ஒரு நாள்தான் வேணும். அதனால சொந்தக் கதை எழுதுறவங்களுக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கு. கல் விட்டுட்டுப் போனவங்களை நாமதான் எழுதணும்.

மறுநாள் அத்தைக்கு போன் பண்ணினேன். "ஆயா பேர் என்ன அத்தை?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாங்க. சொல்லிட்டு, "இத்தனை வருஷத்துல யாருமே கேக்கலியேடா"ன்னாங்க. நான் இன்னும் கேட்டேன். எந்த வருஷம் ஆலங்காயம் வந்தாங்க, முதல் எருமையை எங்கே வாங்கினாங்க, எப்போ செத்துப்போனாங்க. அத்தைக்குப் பாதி தெரிஞ்சுது. எருமைங்க பேர் மட்டும் ரெண்டும் சரியா ஞாபகம் இருந்துச்சு.

மூணு பக்கத்தையும் எடுத்துட்டு நாலு வரி எழுதினேன். வருஷம், ஊர், பேர், செஞ்ச வேலை, கடைசியா ரெண்டு எருமையோட பேர். அடுத்த மாசம் குழுவுல வாசிச்சேன். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசல. ஆயா பேரை மைக்குல சொல்ல வேண்டாம்னு அத்தை கேட்டுக்கிட்டாங்க, அதனால இங்கே சொல்லல. ஆனா அது எழுதி இருக்கு.

இந்த வாரம் நீங்களும் உங்க வீட்டுல ஒருத்தருக்கு போன் பண்ணிப் பேரைக் கேளுங்க. மீதியை அப்புறம் எழுதிக்கலாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.