காணாமற்போன மாணவரும் கைபேசித் துப்பறிவாளரும்: சான்று பற்றிய ஊகம் குறித்து

கொலை வழக்கொன்றில் உடல் இருக்கிறது, சம்பவ இடம் இருக்கிறது, பல வேளைகளில் ஆயுதமும் இருக்கிறது. ஆள் காணாமற்போன வழக்கில் இவை எதுவுமில்லை. கடைசியாகக் கண்டவர் சொல்லும் நேரம், ஒரு சிசிரிவிக் காட்சி, தொலைபேசி கடைசியாகத் தொடர்புகொண்ட கோபுரம் என உதிரித் துண்டுகளே மிஞ்சுகின்றன. துண்டுகளுக்கிடையே உள்ள வெற்றிடத்தை யாராவது நிரப்பியே தீர்வார்கள். முன்பு அந்த ஊகம் பேருந்துத் தரிப்பிடத்தோடு நின்றது. இன்று அதே ஊகம் சிவப்பு வட்டமும் அம்புக்குறியும் போட்ட படமாக வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் யூடியூபிலும் உலாவுகிறது. அந்த வட்டமும் அம்புக்குறியும் வெறும் ஊகத்துக்குச் சான்றின் தோற்றத்தைக் கொடுத்துவிடுகின்றன.

சமூக வலைத்தளம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. பொதுமக்கள் விசாரணையைக் கேள்வி கேட்டபோது பல வழக்குகளில் மறைக்கப்பட்டது வெளிவந்திருக்கிறது. அதே மக்கள் தாமே விசாரணையாளராகிச் சான்றுக்குப் பொருள் சொல்லப் புகுந்தபோது குற்றமற்றவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். இரண்டும் ஒரே திரையில், ஒரே கோபத்தோடு நடப்பதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

2018 மார்ச் 22 அன்று கேரளத்தில், எருமேலிக்கு அருகிலுள்ள முக்கூட்டுத்தறையிலிருந்து 20 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் புறப்பட்டார். காஞ்சிரப்பள்ளி செயின்ட் டொமினிக் கல்லூரியில் வணிகவியல் இரண்டாம் ஆண்டு படித்தவர். முண்டக்கயம் பக்கத்தில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். எருமேலி வரை பேருந்தில் கண்டதாகச் சொன்னவர்கள் உண்டு. அதன் பின் அவர் என்ன ஆனார் என்பது உறுதியாகத் தெரியவில்லை. அவருடைய பெயர் கேரளம் முழுவதும் தெரிந்த பெயர்தான். தேடலுக்கு அந்தப் பெயர் தேவை, ஆய்வுக் கட்டுரைக்குத் தேவையில்லை என்பதால் இங்கே தவிர்க்கிறேன்.

அவர் கைபேசியை வீட்டிலேயே விட்டுச் சென்றிருந்தார். பின்னர் எழுந்த கதைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு தகவலில் தொங்கின. திட்டமிட்டு ஓடிப்போகிறவர்தான் தடம் தெரியாமலிருக்கக் கைபேசியை விடுவார் என்றது ஒரு தரப்பு. உடனே திரும்பி வரப் போகிறவர்தான் அதை எடுக்காமல் போவார் என்றது இன்னொரு தரப்பு. வேறு யாரோ அதை அங்கே வைத்தார்கள் என்று குடும்பத்தின் பக்கமே விரல் நீட்டியவர்களும் இருந்தார்கள். ஒரு தகவல் மூன்று முரணான கதைகளுக்கும் சமமாகப் பொருந்துகிறதென்றால் அது அந்த மூன்றில் எதற்குமே சான்றல்ல. சான்றியலின் அரிச்சுவடி இது. ஊகத்தின் பாதை நேரெதிரானது: முதலில் கதையைத் தேர்ந்துகொள்கிறது, பிறகு கிடைத்த தகவலை அதற்குள் செருகுகிறது. பொருந்திவிட்டால் நிரூபணமாகிவிட்டதாக எண்ணிக்கொள்கிறது.

முண்டக்கயத்துக் கடையொன்றின் சிசிரிவியில் அவரை ஒத்த பெண்ணொருத்தி தென்பட்டபோதும் இதுவே நடந்தது. உடையும் பையும் நடையும் அலசப்பட்டன. காட்சியில் இருப்பவர் அவர்தானா என்பதை விசாரணையாளர்களால் ஐயமற நிறுவ முடியவில்லை. வலைத்தளங்களுக்கோ அந்த ஐயம் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. பெங்களூருவில் கண்டதாகச் செய்தி வந்தது. பொலிஸார் போய்த் தேடினார்கள், எதுவும் கிடைக்கவில்லை. அவருடைய நண்பரொருவர் குற்றவாளியாகவே நடத்தப்பட்டார். அவர் மதமாற்றப்பட்டார் என்ற கதை அரசியல் மேடைவரை ஏறியது. 2021 பெப்ரவரியில் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையான சிபிஐயிடம் சென்றது. 2024 ஜனவரியில் அத்துறை அளித்த முடிவறிக்கை, மதமாற்றத்துக்கு ஆதாரமில்லை என்றது. அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளவும் ஆதாரமில்லை என்றது. தந்தை நீதிமன்றத்தை நாடினார். அதே ஆண்டு மே மாதம் மேலும் விசாரிக்குமாறு உத்தரவு வந்தது. ஆறு ஆண்டுகள் உரத்து ஒலித்த ஊகங்களில் எதுவும் வழக்கை ஓரடி நகர்த்தவில்லை. வழக்கை மீண்டும் திறந்தது தந்தையின் மனுதான்.

அமெரிக்காவில் இத்தகைய ஊகத்தின் விளைவு இன்னும் கொடியது. பிரவுண் பல்கலைக்கழகத்தின் இந்திய வம்சாவளி மாணவரொருவர் 2013 மார்ச் நடுப்பகுதியில் காணாமற்போனார். அவரைத் தேடக் குடும்பம் முகநூல் பக்கம் திறந்தது. ஒரு மாதம் கழித்து பொஸ்டன் மரதன் குண்டுவெடிப்பு நடந்தது. சந்தேகநபர்களின் தெளிவற்ற படங்களை எஃப்பிஐ வெளியிட்ட இரவில், ரெடிட் தளத்திலும் ட்விட்டரிலும் இருந்தவர்கள் அந்த முகத்தை இந்த மாணவரின் முகத்தோடு பொருத்தினார்கள். மகனைத் தேட உதவி கேட்ட பக்கத்தில் வசை கொட்டியது. குடும்பம் அதை மூட நேர்ந்தது. உண்மையான சந்தேகநபர்கள் வேறு இருவர் என்பது மறுநாள் காலையே தெரிந்தது. ரெடிட் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஏப்ரல் 23 அன்று மாணவரின் உடல் பிரொவிடென்ஸ் நகரின் ஆற்று நீரில் கண்டெடுக்கப்பட்டது. ஊர் முழுவதும் அவரைக் குண்டுதாரியாக வேட்டையாடிய இரவில் அவர் உயிரோடு இல்லை.

கூட்டம் தவறும், அதிகாரம் தவறாது என்று இதிலிருந்து முடிவு கட்டுபவர்கள் இலங்கையின் அனுபவத்தையும் பார்க்க வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின் தேடப்படுவோர் பட்டியலை நம் பொலிஸ் வெளியிட்டது. அதில் தொடர்பேயில்லாத ஒரு பெண்ணின் படம் தவறுதலாக இடம்பெற்றது. அவர் இலங்கைப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர், தற்செயலாக அதே பிரவுண் பல்கலைக்கழகத்தவர். பொலிஸ் திருத்தம் வெளியிடுமுன் அப்படம் உலகைச் சுற்றிவிட்டது. 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவவில் சிறுமியொருத்தி வீட்டிலிருந்து காணாமற்போய்க் கொலையுண்டு கிடந்தாள். அவ்வழக்கில் முதலில் 17 வயது மாணவர் ஒருவரும் இன்னொருவரும் கைதானார்கள். நாடே அவர்களைத் தூற்றியது. மரபணுப் பரிசோதனை இருவரையும் விடுவித்தது. அடுத்துப் பிடிபட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொலிஸார் அறிவித்தனர். அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. பொருந்தியது அவருடைய சகோதரனின் மரபணு. 2016இல் அந்தச் சகோதரனுக்கே மரண தண்டனை விதிக்கப்பட்டது.

பொலிஸ் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்கிறது நம் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. குடியேற்றவாதக் காலத்தில் எழுதப்பட்ட அந்தப் பிரிவின் அருமை கொட்டதெனியாவவில் விளங்கிற்று. முகநூல் நீதிமன்றத்தில் அப்படியொரு பிரிவு இல்லை. அங்கே கைதே தீர்ப்பு.

இனி மறுபக்கம். 2016 ஒக்டோபர் 20 இரவு யாழ்ப்பாணம் குளப்பிட்டியில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தனர். விபத்து என்றே முதலில் செய்தி வந்தது. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூடு தெரியவந்தது. மாணவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். ஐந்து பொலிஸார் கைதானார்கள். அந்தப் போராட்டத்தின் மையத்தில் இருந்தது யார் சுட்டார் என்ற ஊகமல்ல. விபத்து என்று ஏன் சொல்லப்பட்டது என்ற கேள்வி. 2021இல் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் வேலைக்கிருந்த வீட்டில் தீக்காயமடைந்து ஜூலை 15 அன்று இறந்தபோது மலையகம் கொந்தளித்தது. அப்போதும் படங்களும் ஒலிப்பதிவுகளும் கதைகளுமாக ஆயிரம் உலாவின. அந்த இரைச்சலுக்கு நடுவே பலன் தந்த கேள்வி ஒன்று உண்டு: முதல் பிரேத பரிசோதனை போதுமா? ஜூலை 30 அன்று உடல் தோண்டியெடுக்கப்பட்டுப் பேராதனையில் மீண்டும் பரிசோதிக்கப்பட்டது.

இந்த வகையில் தலையாய முன்மாதிரி இணையமே இல்லாத காலத்தது. 1976 மார்ச் 1 அதிகாலை, நெருக்கடி நிலைக் காலத்தில், கோழிக்கோடு மண்டலப் பொறியியற் கல்லூரி மாணவர் ராஜனைப் பொலிஸார் பிடித்துச் சென்றனர். தந்தை ஈச்சர வாரியர் ஓராண்டுக்கு மேல் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். மகனின் உடலுக்கு என்ன ஆயிற்று என்று கேரளம் பலவாறாகப் பேசிக்கொண்டது. ஆனால் 1977இல் ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றம் போனபோது வாரியர் அந்தப் பேச்சுகளைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. மகனைப் பொலிஸார் கொண்டுபோனதைக் கண்டவர்களின் சாட்சியத்தையே முன்வைத்தார். பிடிக்கவேயில்லை என்ற அரசின் சத்தியக் கூற்று அதன் முன் நிற்கவில்லை. முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று துப்பறிய முற்பட்டிருந்தால் வாரியர் தோற்றிருப்பார். யார் கொண்டுபோனார்கள் என்ற ஒன்றை மட்டும் அவர் விடாமல் பிடித்துக்கொண்டார்.

இவற்றை மனத்திற் கொண்டு பட்டிப்பொலயைப் பாருங்கள். இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் அது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீட்டர். ஒருபுறம் அம்பேவல, மறுபுறம் சுரங்கம் தாண்டினால் ஒஹிய. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகும் பாதையும் இங்கிருந்து ஏறுகிறது. நண்பகலுக்குள் மூடுபனி இறங்கினால் பத்தடியில் நிற்கும் ஆளின் முகம் தெரியாது. இப்பகுதித் தோட்டமொன்றிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்ட பிள்ளை போய்ச் சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கைபேசியின் கடைசி இடம் இன்னதென்று ஒரு வரி கசிந்தால் போதும், வரைபடங்கள் கிளம்பிவிடும். மலைநாட்டில் கைபேசி அருகிலுள்ள கோபுரத்தோடுதான் பேசும் என்பதில்லை. இடையில் முகடு நின்றால், பள்ளத்தாக்குக்கு அப்பால் தடையின்றித் தெரியும் தூரத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். கோபுரத்தின் பெயர் ஆள் நின்ற இடத்தின் பெயராகாது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு கைபேசியை அப்பா, தங்கை, பக்கத்துக் காம்பராப் பிள்ளை என்று பலரும் எடுப்பார்கள். சிம் அட்டை இன்னொருவர் பெயரில் இருக்கும். அழைப்புப் பட்டியலில் உள்ளதெல்லாம் காணாமற்போனவரின் செயலென்று கொழும்பிலோ கனடாவிலோ இருந்து வாசிப்பவருக்கு இந்த விவரம் எட்டாது. காணாமற்போனவர் பெண் என்றால் வாசிப்புக்கே இடமில்லை. காதல் என்ற ஒரு சொல்லில் வழக்கை முடித்துவிடுவார்கள்.

இதைவிடக் கனமான சான்று பொலிஸ் நிலையத்து முறைப்பாட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. தமிழ் மட்டும் தெரிந்த தாய் சொல்வதைச் சிங்களத்தில் எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்குவது மலையகத்தில் நெடுங்கால வழக்கம். வாசிக்க முடியாத தாளில் அவர் ஒப்பமிடுகிறார். நேரம் அரை மணி பிசகலாம், உடையின் நிறம் மாறலாம். பின்னர் தொலைக்காட்சியில் அவர் சரியாகச் சொல்லும்போது, அன்று ஒன்று இன்று ஒன்று என்று வலைத்தளங்கள் தாயையே சந்தேகநபராக்கும். அந்த முரண்பாடு பிறந்தது அவருடைய வாயிலல்ல, மொழிபெயர்ப்பில்.

இதற்கெல்லாம் மருந்தாக, ஊகிப்பவர்களின் வாயை அடைக்கச் சட்டம் போதும் என்று நான் கருதவில்லை. 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஊகிப்பவரையும் கேள்வி கேட்பவரையும் ஒரே பிடியில் பிடிக்கக்கூடியது. அச்சட்டம் அன்றே இருந்திருந்தால், குளப்பிட்டியின் முதல் இரவில் இது விபத்தல்ல என்று எழுதியவரும் பொய்ச் செய்தி பரப்பியவராகவே கருதப்பட்டிருப்பார்.

தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொல்கிறது. அது முறைப்பாட்டுப் புத்தகம்வரை எட்ட வேண்டும். அடுத்த முறை ஒரு பிள்ளை காணாமற்போன செய்தி உங்கள் கைபேசிக்கு வரும்போது, படத்தில் வட்டம் போடுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: முறைப்பாடு எத்தனை மணிக்கு ஏற்கப்பட்டது, எந்த மொழியில் எழுதப்பட்டது, அதன் பிரதி தாயின் கையில் இருக்கிறதா. பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.